ஒன்பது பேர், ஒரு தாள்

2024 ஆகஸ்ட் 10, சனி. பிட்ஸ்பர்க்

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வாசல் கதவைத் திறந்தால் படியில் ஒரு பார்சல். அனுப்பியவர் முகவரி நார்த் கரோலைனா. இந்த ஊரில் எனக்குப் பழக்கமான பெரியவர்தான். ஜூன் மாதம் மகள் வீட்டோடு போய்விட்டார். கண்பார்வை ரொம்பக் குறைந்துவிட்டது, இனி தனியாக இருக்க முடியாது என்று பிள்ளைகள் அழைத்துப் போய்விட்டார்கள்.

உள்ளே இரண்டு அட்டைகளுக்கு நடுவே எதையோ வைத்து நாலு பக்கமும் நீல நிற பெயின்டர் டேப் ஒட்டியிருந்தார். பேஸ்பால் கார்டு (வீரர் படம் அச்சிட்ட சின்ன அட்டை) சேகரிப்பவர்கள் இந்த டேப்பைத்தான் போடுவார்கள், பசை ஒட்டாமல் உரிந்து வரும். ஒவ்வொரு முனையையும் சின்னதாக மடித்து விட்டிருந்தார், பிரிப்பவர் நகத்தால் சுரண்ட வேண்டாம் என்று. கண் தெரியாத நிலையில் இதையெல்லாம் செய்திருக்கிறார்.

பிரித்தேன். ஒன்பது பை கொண்ட பிளாஸ்டிக் தாள் ஒன்று. ஒன்பது பேஸ்பால் கார்டுகள், எல்லாம் டாப்ஸ் கம்பெனி 1972இல் போட்டவை. அணியின் பெயர் மேலே வளைவாக, பழைய சினிமா தியேட்டர் முகப்பு மாதிரி இருக்கும் அந்த வருஷத்து டிசைன். எட்டு கார்டுகளில் கையெழுத்து. மேல் வரிசையில் மூன்றாவதாக இருந்த ராபர்டோ க்ளமென்டே கார்டில் மட்டும் இல்லை.

கூடவே வெற்று இன்டெக்ஸ் கார்டு, அதாவது குறிப்பெழுதும் அட்டை, ஒன்று. அப்புறம் அவருடைய புது முகவரி எழுதி ஸ்டாம்பும் ஒட்டிய ஒரு கவர். அது எதற்கென்று புரியவில்லை. கடிதம் எதுவும் இல்லை.

இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராகப் படித்தேன். ஸ்டென்னட், க்ளைன்ஸ், க்ளமென்டே. ஸ்டார்ஜெல், சாங்கியென், கேஷ். ஆலிவர், ஹெர்னான்டஸ், எல்லிஸ். கடைசிப் பெயருக்கு வருவதற்குள் கை நடுங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று அந்த வரிசையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

1971 செப்டம்பர் 1. இந்த ஊரில், த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தில், இந்த ஊர் பேஸ்பால் அணியான பைரட்ஸ் பிலடெல்பியாவோடு மோதியது. மேனேஜர் டேனி மர்டா அன்று எழுதிக் கொடுத்த பேட்டிங் வரிசையில் ஒன்பது பேருமே கறுப்பின வீரர்கள். அமெரிக்காவில் பிறந்தவர்கள் ஐந்து பேர். ஸ்டென்னட்டும் சாங்கியெனும் பனாமா, க்ளமென்டே போர்ட்டோ ரிக்கோ, ஹெர்னான்டஸ் கியூபா. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒரு அணி களமிறங்கியதே இல்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் இருபதாம் நூற்றாண்டின் முதல் கறுப்பின வீரராகத் தனியே உள்ளே வந்தார். அங்கிருந்து ஒன்பது பேர் சேர்ந்து நிற்க இருபத்து நாலு வருஷம் ஆனது.

முன்கூட்டி எந்த அறிவிப்பும் இல்லை. விளையாடிய வீரர்களே ஆட்டம் தொடங்கிய பிறகுதான் சுற்றிப் பார்த்துக் கவனித்தார்கள். பந்து வீசும் பிட்சர் டாக் எல்லிஸுக்கு அன்று ஒன்றும் சரியாக அமையவில்லை, ஒன்பது இன்னிங்ஸில் இரண்டாவதிலேயே மாற்றிவிட்டார்கள். ஆனாலும் 10–7 என்று பைரட்ஸ் ஜெயித்தது. அக்டோபரில் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரும் அவர்களுக்கே. அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் க்ளமென்டே ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடித் தளத்தைத் தொட்டார்.

பேட்டிங் வரிசையில் ஒன்பது பேர், தாளிலும் ஒன்பது பை. பெரியவர் வரிசை மாறாமல் செருகியிருக்கிறார். க்ளமென்டே மூன்றாவதாக ஆடினார், மூன்றாவது பையில் இருக்கிறார். நாலாவதாக ஆடிய ஸ்டார்ஜெல் அடுத்த வரிசையில் முதலாவது. கார்டு சேகரிப்பவர்கள் வழக்கமாக எண்படி அடுக்குவோம், இல்லாவிட்டால் விலைப்படி. இவர் அந்த ஒரு நாள் சாயங்காலத்தை அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்.

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்

லேபில் இருந்து வந்ததும் மேஜை விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறு கையெழுத்துகள் நீல ஷார்ப்பி மார்க்கர் பேனாவில். ஸ்டார்ஜெலும் எல்லிஸும் பால்பாயின்ட். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஸ்டார்ஜெல் கார்டில் பேனா அழுத்தின தடம் வாய்க்கால் மாதிரி தெரிகிறது. முதல் எழுத்தில் ஆழமாக இறங்கி, போகப் போக மேலேறி, கடைசிச் சுழிப்பில் மை அட்டையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் இந்தப் பள்ளம் வராது.

ஷார்ப்பி கையெழுத்துகளில் ஒன்று மட்டும் லேசாக ஊதா பாய்ந்திருக்கிறது. ஏதோ ஒரு காலத்தில் வெயில் பட்டிருக்க வேண்டும். இனி படாது. அலமாரியின் உள் தட்டில் இடம் பண்ணிவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று க்ளமென்டேயின் 90ஆவது பிறந்தநாள். 1934இல் போர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில் பிறந்தவர்.

காலையில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே நகரத்துக்குள் வண்டியை விட்டேன். அவர் பெயர் வைத்த மஞ்சள் பாலத்தில் நடந்து போய் பைரட்ஸின் இப்போதைய மைதானத்துக்கு வெளியே இருக்கும் அவர் சிலையைப் பார்த்தேன். அந்த மைதானத்தின் வலது பக்கச் சுவர் 21 அடி உயரம். அவர் சட்டை எண் 21, அதற்காக வைத்த உயரம்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு பேஸ்பால் ஒன்றும் புரியாது. க்ளமென்டேயின் முடிவைக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். 1972 செப்டம்பர் 30இல் மூவாயிரமாவது ஹிட். டிசம்பரில் நிகராகுவாவில் நிலநடுக்கம். இவரே நிவாரணப் பொருள் திரட்டி, டிசம்பர் 31 ராத்திரி விமானத்தில் ஏறினார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. வயது 38. உடல் கிடைக்கவே இல்லை. நினைவுப் பிரார்த்தனைக்கு அணியே திரண்டு வந்தபோது கேட்சர் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்) மேனி சாங்கியென் மட்டும் வரவில்லை. நண்பனைத் தேடுகிறவர்களோடு கடலில் இருந்தார்.

அந்த சாங்கியென் தொட்டு எழுதிய அட்டை என் அலமாரியில் இருக்கிறது. க்ளமென்டேக்கு நேர் கீழே வரவில்லை, ஒரு பை தள்ளி நடுவில் இருக்கிறார். பக்கத்தில்தான்.

க்ளமென்டேயை அவர் பெயரால் கூப்பிடவே பலருக்கு மனசு வரவில்லை என்பதும் கார்டுகளில் பதிவாகியிருக்கிறது. 1957 முதல் 1969 வரை டாப்ஸ் கார்டுகளில் அவர் ‘பாப்’, ராபர்ட் என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம். தன் பெயர் ராபர்டோ என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 1970 கார்டில்தான் மறுபடி ராபர்டோ ஆனார். இங்கே என் பெயரை வெட்டிச் சுருக்கிக் கூப்பிடுகிறவர்கள் நடுவில், முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்ன முதல் ஆள் பெரியவர்.

2024 ஆகஸ்ட் 24, சனி

இரண்டு வாரமாக மூன்று தடவை போன் பண்ணி, இன்றுதான் கிடைத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தால் விடவில்லை. “வரிசை சரியாக இருக்கிறதா? தடவிப் பார்த்துத்தான் போட்டேன்” என்பதே அவர் கவலை. சரியாக இருக்கிறது என்றேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

அப்புறம் இதுவரை சொல்லாத கதையைச் சொன்னார். 1971இல் அவர் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் வேலை. செப்டம்பர் 1 ராத்திரி ஷிஃப்ட். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ரேடியோவிலும் கேட்கவில்லை. மறுநாள் பேப்பரில் படித்திருக்கலாம், ஆனால் அந்தச் சமயம் பிட்ஸ்பர்க் பத்திரிகைகளில் வேலைநிறுத்தம். சொந்த ஊரில், வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் நடந்த விஷயம் அவருக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம். “அன்றைக்குத் தவறவிட்டதற்கு ஒவ்வொருத்தராகப் போய்ப் பார்த்தேன்” என்றார்.

சிலரைக் கார்டு ஷோக்களில் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார். மற்றவர்களுக்குத் தபால். கார்டு, கையால் எழுதிய கடிதம், சுயமுகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர், மூன்றையும் வைத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்று 11 நாளில் வந்தது. ஒன்று 14 மாதம் கழித்து. ஒன்று வரவே இல்லை, மறுபடி கார்டு வாங்கி மறுபடி அனுப்பினார். எட்டும் சேர 19 வருஷம். ஒவ்வொன்றுக்கும் அனுப்பிய தேதியும் வந்த தேதியும் எழுதிய இன்டெக்ஸ் கார்டுகள் ஒரு ஷூ பெட்டி நிறைய வைத்திருக்கிறார்.

மூன்றாவது பையைப் பற்றிக் கேட்கத் தயங்கினேன். அவராகவே சொன்னார். 1972 கோடையில் ஒரு நாள் ஸ்டேடியத்துக்கு வெளியே க்ளமென்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் கையில் கைக்குழந்தை, குழந்தை அழுகிறது, வரிசை நீளம். அடுத்த சீசனில் வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

பிற்பாடு காசு கொடுத்து வாங்கப் பல தடவை வாய்ப்பு வந்ததாம். வாங்கவில்லை. “அது வேறு யாரோ நின்று வாங்கினது” என்றார்.

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஆபீஸில் கார்டு வாங்கி விற்கும் நண்பர் படம் பார்த்துவிட்டு, எட்டையும் சரிபார்க்க அனுப்பு, சான்றிதழோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள், மதிப்பு ஏறும் என்றார். தப்பான யோசனை இல்லை. 1990களில் ‘ஆபரேஷன் புல்பென்’ என்று எஃப்.பி.ஐ. இறங்கிப் பிடித்த அளவுக்கு இந்தத் தொழிலில் போலிக் கையெழுத்து புழங்கியது. முன்பின் தெரியாதவரிடம் வாங்கினால் நானும் சான்றிதழ் கேட்பேன்.

ஆனால் இவற்றை அனுப்ப மாட்டேன். அடைத்தால் எட்டு தனிப் பெட்டிகள் ஆகிவிடும். ஒன்பது பேரும் ஒரே தாளில் நிற்பதுதான் இந்தப் பரிசு. க்ளமென்டேயைக் கையெழுத்து இல்லை என்று தனியாக விட்டுவிட முடியுமா?

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

ஐம்பத்து மூன்று வருஷம். சாயங்காலம் தாளை மேஜைமேல் வைத்து, பெயர்களை வரிசையாகச் சத்தமாகப் படித்தேன். பிள்ளைகளும் கூட உட்கார்ந்தார்கள். ஸ்டென்னட்டைப் பற்றிச் சொன்னேன்: 1975இல் ஒரே ஆட்டத்தில் ஏழு தடவை ஆடி ஏழு ஹிட். சின்னவள், “இவங்களை எல்லாம் அந்தத் தாத்தாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். கடிதம் எழுதித் தெரியும் என்றேன்.

கோவில்பட்டியில் நானும் தம்பியும் தீப்பெட்டிப் படம் சேர்த்தது ஞாபகம் வந்தது. இரண்டு இருந்தால்தான் ஒன்றைக் கொடுப்போம். ஒன்றே ஒன்று இருக்கும் படத்தை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை.

அந்த வெற்று இன்டெக்ஸ் கார்டும் கவரும் எதற்கென்று போனிலேயே கேட்டிருந்தேன். “நான் இதுவரை யாருக்குக் கார்டு அனுப்பினாலும் திரும்பி ஒரு கையெழுத்து வர வேண்டும்” என்றார். “உங்கள் மொழியில் போடுங்கள். பெட்டியில் கடைசி இடம் வைத்திருக்கிறேன்.”

நீல ஷார்ப்பி எடுத்தேன். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டே பழகிவிட்டது, தமிழில் கடைசியாகப் போட்டது பள்ளியில். பழைய நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன். பிறகு கார்டில், முழுப் பெயரும், முதலெழுத்து அப்பாவின் பெயருக்கு. கண் சரியாகத் தெரியாதவர் என்பதால் கொஞ்சம் பெரிதாக, விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று அதன் மேலேயே பால்பாயின்டால் அழுத்தி இன்னொரு முறை.

மை காய்ந்ததும் கவரில் வைத்து ஒட்டி, தெருமுனை நீலப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். நாளை லேபர் டே, தபால் எடுக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை கிளம்பும்.