பத்து இடங்கள் இருக்கின்றன என்று நான் சொன்னது

"என் நிலையில் நீங்கள் இருந்தால் வேட்பாளராகப் பெயர் கொடுப்பீர்களா?" என்று ஒரு செர்பியப் பள்ளி ஆசிரியர் என்னிடம் கேட்டார். 2004 அக்டோபர் 23 அன்று நடக்கவிருந்த கொசோவோ சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் ஒரு நாள் அது. அல்பேனியர்கள் பெரும்பான்மையாகவும் செர்பியர்கள் சிறுபான்மையாகவும் வாழ்ந்த கொசோவோவை அப்போது ஐ.நா. நிர்வகித்துவந்தது. கிராச்சானிட்சாவைச் சுற்றியிருந்த செர்பியக் கிராமங்களுக்கும் தலைநகர் பிரிஷ்டினாவில் இருந்த ஐ.நா. நிர்வாகத்துக்கும் இடையே தகவல் கொண்டுசெல்வதுதான் என் வேலை. அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. 120 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் பத்து இடங்கள் செர்பியர்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும், எவ்வளவு குறைவான பேர் வாக்களித்தாலும் அந்தப் பத்தும் செர்பியப் பட்டியல்களுக்கே போய்ச் சேரும் என்பதையும் நிதானமாக விளக்கினேன். அது தனக்குத் தெரியும் என்றவர், "இருநூறு பேர் வாக்களித்து நான் அங்கே போய் உட்கார்ந்தால், நான் யாருடைய பிரதிநிதி?" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் பெயர் கொடுக்கவில்லை.

என் தரப்பில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. ஐ.நா. ஊழியர் ஒருவர் உள்ளூர்க்காரரிடம் தேர்தலில் நிற்கும்படி சொல்லக் கூடாது, நிற்காதே என்றும் சொல்லக் கூடாது. விதிகளை விளக்கலாம், நான் விளக்கினேன். அந்த ஆண்டு மார்ச் 17, 18 தேதிகளில் நடந்த கலவரத்தில் இரு தரப்பிலுமாகப் பத்தொன்பது பேர் இறந்து, நான்காயிரம் பேர் அளவில், பெரும்பாலும் செர்பியர்கள், வீடுகளை விட்டு ஓடி, முப்பதுக்கும் மேற்பட்ட ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களும் மடங்களும் எரிந்தோ இடிந்தோ போயிருந்தன. அதைக் கண்ணால் பார்த்த மனிதரிடம், ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், நம்பிக்கையோடு போய் நில்லுங்கள் என்று சொல்ல வெளியூரிலிருந்து வந்த எனக்கு என்ன உரிமை இருந்தது? போதாததற்கு அவருடைய பள்ளிச் சம்பளம் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்துகொண்டிருந்தது. செர்பியப் பிரதமர் கோஷ்டுனிட்சா தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார், செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைமையும் அதையே சொன்னது. அக்டோபர் தொடக்கத்தில் அதிபர் தாடிச் வாக்களிக்கச் சொன்னபோது, ஒரே தலைநகரிலிருந்து இரண்டு கட்டளைகள் வந்ததுபோல் ஆயிற்று. சம்பளம் வாங்குகிறவர்கள் எதற்குக் கட்டுப்படுவார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

இவ்வளவும் உண்மைதான். ஆயினும், சொல்வதற்கு எத்தனையோ விவரங்கள் இருந்தபோது பத்து இடங்களைப் பற்றிய விவரத்தையே நான் ஏன் எடுத்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. ஊக்கப்படுத்தும் எண்ணம் எனக்கு இருந்ததா? இருந்தது என்றே நினைக்கிறேன். எண்ணிக்கையில் சிறியவர்கள் அவையில் காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் ஊரே வீட்டில் இருந்துவிட்டால், அதே ஏற்பாடு உள்ளே போகிறவரை யாரோ தூக்கி உட்காரவைத்தவராகக் காட்டிவிடுகிறது. வாக்குக் கேட்டு, தோற்று, மறுபடி கேட்டு வளர வேண்டிய மிதவாத அரசியலுக்குத் தோற்கும் வாய்ப்பையே அது தரவில்லை. இதை அவர் என்னைவிட முன்னதாகப் புரிந்துகொண்டிருந்தார்.

முடிவுகள் வந்தபோது, புறக்கணிப்பை மீறி நின்ற செர்பிய அரசியல்வாதி இவானோவிச்சின் பட்டியல் 1,414 வாக்குகளுக்கு எட்டு இடங்களைப் பெற்றது. இன்னொரு செர்பியரான பெட்கோவிச்சின் பட்டியல் 369 வாக்குகளுக்கு இரண்டு இடங்களைப் பெற்றது. ஓர் இடத்துக்கு இருநூறு வாக்குகூட விழவில்லை. கசப்பில் அந்த ஆசிரியர் சொன்ன எண்ணே தாராளமானது என்று ஆகிவிட்டது. 2001 தேர்தலில் செர்பியக் கூட்டணி இருபத்திரண்டு இடங்களோடு உள்ளே போயிருந்ததால், இந்த வீழ்ச்சி இன்னும் கூர்மையாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் நான் பல காலம் கணக்கில் எடுக்கவில்லை. அந்த உரையாடலை எங்களுக்கு மொழிபெயர்த்த இளம்பெண் அதே ஊர்க்காரர். அவர் நம்பகமானவர், வெளியே பேசுகிறவர் அல்லர். ஆனாலும் அவர் முன்னால் ஆசிரியர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஊருக்கு முன்னால் சொன்னதாகவே ஆசிரியருக்குத் தோன்றியிருக்கலாம். அப்படியானால் இருநூறு பேர் பற்றிய அந்தக் கேள்வி எனக்கானதுதானா? முடிவை முன்பே எடுத்துவிட்டு, அதை ஊர் அறியும்படி அறிவிக்க என்னைப் பயன்படுத்திக்கொண்டாரோ என்று சில நாட்களில் நினைப்பேன். அப்படி நினைப்பது எனக்கு ஆறுதலாக இருப்பதாலேயே அதைச் சந்தேகிக்கவும் செய்கிறேன்.

பின்னாளில் நடந்தவற்றைக் கொண்டு இதை அளந்துபார்க்க முயன்றேன். 2009 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில், புதிதாக உருவான கிராச்சானிட்சா நகராட்சிக்குப் பலரும் எதிர்பாராத அளவில் செர்பியர்கள் வந்து வாக்களித்தார்கள். பெல்கிரேட் அப்போதும் வாக்களிக்கச் சொல்லவில்லை. பிரிஷ்டினாவில் ஒரு நாற்காலி என்பது வேறு, சொந்த ஊரின் சாலையையும் வேலை நியமனத்தையும் தீர்மானிக்கும் அலுவலகம் என்பது வேறு; தனி மனிதரின் துணிச்சலைவிட அந்த ஏற்பாடுதான் முக்கியம் என்று முடிவுகட்டி நிம்மதியடைந்தேன். ஆனால் அதே தர்க்கம், கொசோவோவின் வடக்கே செர்பியர்கள் பெரும்பான்மையாக வாழும் வடக்கு மித்ரோவிட்சாவில் 2013 நவம்பர் 3 அன்று உடைந்தது. இம்முறை பெல்கிரேட் அரசே வாக்களிக்கச் சொல்லியிருந்தும், முகமூடி அணிந்தவர்கள் வாக்குச்சாவடிகளுக்குள் புகுந்து பெட்டிகளை உடைத்தார்கள். அந்தத் தேர்தலில் அங்கு மேயர் பதவிக்கு நின்றவர்களில் இவானோவிச்சும் ஒருவர். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் கைதானார். போர்க்குற்ற வழக்கில் 2016-இல் வந்த தண்டனை மறு ஆண்டே ரத்தாகி மறுவிசாரணைக்குப் போனது. அதே 2017-இல் அவருடைய கார் எரிக்கப்பட்டது. 2018 ஜனவரி 16 அன்று தன் கட்சி அலுவலகத்தின் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தச் செய்தி வந்த வாரம், அக்காலத்தில் என்னுடன் வேலை பார்த்த ஒருவர் எனக்கு எழுதினார்: நல்லவேளை, அன்று அந்த ஆசிரியரை நீங்கள் தூண்டிவிடவில்லை. பெயர் கொடுக்காததே அவரைக் காப்பாற்றியது என்ற தொனி அதில் இருந்தது. மார்ச் கலவரத்தில் வீடிழந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் பெயர் கொடுத்தவர்கள் அல்லர், ஒதுங்கியிருந்ததால் யாரும் பிழைத்துவிடவில்லை என்று சற்றுக் கோபமாகவே பதில் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், அந்த வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனால் 2004-இல் நான் அவரைத் துணிந்து நிற்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று வருவதைக் கவனித்தேன். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை.