ட்யூனிங் ஃபோர்க் வைத்திருந்தவர்

ஊட்டியில் பள்ளி நாளில் நமக்குக் கிட்டார் சொல்லித்தந்த மியூசிக் சார் காலமான செய்தி பழைய மாணவர் குழுவில் வந்த அன்று, டொராண்டோவிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் குவிந்த இரங்கல்களில் பாதி ஒரே ரகம்: "அவர் இல்லாவிட்டால் நான் கிட்டாரைத் தொட்டிருக்கவே மாட்டேன்." சார் இதைப் படித்திருந்தால் "தொடுறதுக்கு முன்னால கை கழுவினியா?" என்றுதான் கேட்டிருப்பார்.

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ராக் இசைக்காரர்களின் சுயசரிதைகளைப் பற்றி. எழுத உட்கார்ந்தால் சார் குறுக்கே வருகிறார். காரணம் உண்டு. பாப் டிலன் 2004-லும், எரிக் கிளாப்டன் 2007-லும், கீத் ரிச்சர்ட்ஸ் 2010-லும், டோனி அயாமி 2011-லும், பீட் டவுன்ஷெண்ட் 2012-லும் தங்கள் கதையை அச்சில் கொண்டுவந்துவிட்டார்கள். போதை, வழக்கு, விவாகரத்து, மேலாளருடன் சண்டை எல்லாம் பக்கம் பக்கமாக உண்டு. கிட்டாரில் விரல் படுகிற பக்கங்கள்தான் கொஞ்சம். அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்தால் கிடைப்பது, துணி வெளுக்கும் டோபி ரூமுக்கு மேலே இருந்த அந்த ஈர அறையில் நமக்கு இலவசமாகக் கிடைத்த பாடம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், பல பாட்டுகளுக்கு மிகத் தடித்த ஆறாம் கம்பியையே கழற்றி எறிந்துவிட்டு ஐந்து கம்பியில் வாசிப்பவர். செய்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஐந்தாம் கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்குங்கள் (இவை மேற்கத்திய சுரப்பெயர்கள்). முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். நடுவில் உள்ள மூன்றையும் தொட வேண்டாம். ஜி, டி, ஜி, பி, டி என்று வரும். நம் கணக்கில் ச ப ச க ப. ஒரே விரலைக் குறுக்கே வைத்தால் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சி, ஏழில் டி, பன்னிரண்டில் மறுபடி ஜி. தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் புதுமை குறைவு. டிலன் தன் புத்தகத்தில் ப்ளூஸ் கிட்டார்க்காரர் லானி ஜான்சன் காட்டிக்கொடுத்த ஒற்றைப்படை எண் முறை ஒன்றைப் பக்கக்கணக்கில் விளக்குகிறார். எனக்குப் புரியவில்லை. புரிந்தவர் சங்கத்தில் இருந்தால் அடுத்த மலரில் எழுதட்டும்.

பிளாக் சாபத் குழுவின் கிட்டார்க்காரர் அயாமியின் கதைதான் சாருக்குப் பிடித்திருக்கும். பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை வேலை, வயது 17, கடைசி நாள். இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்துகிற கை அதுதான். தொழிற்சாலை ஃபோர்மேன் ஜாஸ் கிட்டார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்க வைத்தார். 1928-இல் தீயில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்தவர் ஜாங்கோ. அயாமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பி கடையில் கிடைக்காத அந்தக் காலத்தில் பேஞ்சோ கம்பிகளை மாட்டினார். 1971 வாக்கில் மூன்று அரைச்சுரம் கீழே ட்யூன் செய்யத் தொடங்கினார். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 30 விழுக்காடு குறையும். ஒரு தலைமுறையே கொண்டாடிய அந்தக் கனத்த ஒலிக்குள் ஒரு மனிதனின் விரல் வலியும் இருக்கிறது.

"விரல் வலிக்குதுன்னா முதல்ல கிட்டாரைப் பாரு, அப்புறம் விரலைப் பாரு." சார் சொன்ன இதை எத்தனை பேர் திட்டு என்று நினைத்தோம்!

நம் கிட்டார்களில் வலிக்கக் காரணம் இருந்தது. ஊட்டி 2,240 மீட்டர்; ஜூனில் பிடித்த மழை நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும்; கீழே டோபி ரூமிலிருந்து நீராவி. மரம் ஈரம் குடித்தால் மேல்பலகை வயிறு தள்ளும், அதன்மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் உயரும், கம்பி ஃப்ரெட்டை விட்டு விலகும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் வாசிக்கலாம். ஆகஸ்டில் அந்த அலமாரிக் கிட்டார்களில் 4 மில்லிமீட்டர் இருக்கும்.

சார் கை வைக்கும் வரிசை மாறாது. முதலில் ட்யூன் செய்வார், ஏனென்றால் தளர்ந்த கம்பியில் அளந்த அளவு பொய். பிறகு ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் ஏழாவதருகே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பார். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன், அதாவது கால் மில்லிமீட்டர், இருந்தால் நெக், அதாவது கழுத்து, சரி. அதிகமிருந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுநாள் வரை விட்டுவிடுவார். அரைச் சுற்று ஒரேயடியாகத் திருப்பிய சீனியர் ஒருவரின் பெயர் இன்னும் எல்லோருக்கும் நினைவிருக்கும், எழுத வேண்டாம்.

நெக் சரியான பிறகுதான் சேடில், பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் சிறு துண்டு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும், அந்த ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதியில் இருப்பதால். தேய்ப்பது அடிப்பக்கத்தை, மேல் வளைவைத் தொட்டால் கெட்டது. கண்ணாடித் துண்டின் மேல் 220-ஆம் எண் உப்புத்தாளை விரித்து, சேடிலைச் செங்குத்தாகப் பிடித்து, பத்து இழுப்புக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து அளப்பார். அடி கோணலானால் சேடில் பிரிட்ஜில் முழுவதும் பதியாது, ஒலி பாதி செத்துவிடும்.

முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் எஃப் கார்டு வராமல் ஸ்டடி ஹவரில் அழுதவர்களுக்கு ஒரு சோதனை. அதே பிடியை மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள், ஜி வரும். அங்கே சுலபமாக வந்து முதல் ஃப்ரெட்டில் வரவில்லையென்றால் குற்றம் நட்டில், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளமிட்ட துண்டில். கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே தலைமயிர் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பழைய ஆறாம் கம்பியையே அரமாக வைத்து அந்தப் பள்ளத்தை இழைப்பார். அதிகம் போனால் வெறும் கம்பி கரகரக்கும், நட்டையே மாற்ற வேண்டும். ட்யூன் செய்யும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் கம்பி நட்டில் சிக்குகிறது என்று அர்த்தம். 2பி பென்சில் நுனியை அந்தப் பள்ளத்தில் இரண்டு முறை தேய்த்தால் போதும்.

கம்பி கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்பதால் பழையதை மெஸ்ஸில் கொதிக்க வைப்பதும் உண்டு. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பத்து நிமிடம் விட்டால் சுற்றுக்கம்பிகளின் இடுக்கில் இருக்கும் எண்ணெயும் அழுக்கும் போய், சில நாளைக்குப் பளிச்சென்று ஒலிக்கும். நன்றாகத் துடைத்து அடுப்புமேடையில் உலர்த்தாவிட்டால் ஒரே ராத்திரியில் துரு. கம்பியை முறுக்கும் சாவியில் ஒருமுறை மடிந்த இடத்தில் மறுபடி மடித்தால் அறுந்துவிடும்.

அப்புறம் அந்த ட்யூனிங் ஃபோர்க், தட்டினால் ஒரே சுரத்தை எழுப்பும் உலோகக் கவை. ஏ சுரம், நொடிக்கு 440 அதிர்வு. முழங்காலில் தட்டி, காம்பை பிரிட்ஜ்மேல் வைத்தால் பெட்டி முழுக்கப் பேசும். ஐந்தாம் கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மோனிக்கும் அதே 440. இரண்டும் மோதி எழும் அலை மெதுவாகி, மெதுவாகி, நின்றால் சேர்ந்துவிட்டது. மற்ற கம்பிகளை ஐந்தாம் ஃப்ரெட் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிச் சேர்த்தால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும்; அதனால் ஒவ்வொன்றையும் ஐந்தாம் கம்பியோடு ஒப்பிட்டே சரிபார்க்கச் சொல்வார். ஃபவுண்டர்ஸ் டே மேடையில் சுருதி விலகிய கிட்டார் கண்டால் பாதிப் பாட்டில் ஏறி வருவார். சீஃப் கெஸ்ட் காத்திருப்பார், பெற்றோர் காத்திருப்பார்கள், வாசித்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். சார் ஆறு கம்பியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு "ம், ஆரம்பி" என்பார். அவமானப்படுத்துகிறார் என்று வருடக்கணக்கில் பேசினோம். இன்று கைப்பேசி ட்யூனர் பச்சை விளக்கு காட்டுகிறது. அலை நிற்பதைக் காதால் கேட்கத் தெரிந்தவர்கள் அந்த மேடையில் நின்றவர்கள்தான்.

தி ஹூ குழுவின் டவுன்ஷெண்ட் 1964-இல் லண்டன் ஹாரோவில் தாழ்ந்த கூரையில் இடித்து கிட்டார் தலையை முறித்து, பிறகு அதையே தன் முத்திரையாக்கிக்கொண்டவர். தலை ஏன் அங்கேயே முறிகிறது என்பது சாரின் பாடம்: பின்னால் சாயும் இடத்தில் மர இழை குறுக்கே வெட்டுப்படுகிறது. முறிந்த உடனே தூசி படாமல் மரப்பசை ஊட்டி, க்ளாம்ப் போட்டு, 24 மணி நேரம் விட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

நம் பக்கம் இப்படிப் புத்தகம் எழுதியவர்கள் குறைவு. 'மூடுபனி'யில் (1980) கிட்டாரோடு உட்கார்ந்திருக்கும் பிரதாப் போத்தன் ஊட்டி அருகே லவ்டேலில் படித்தவர் என்று நாம் பெருமை பேசினோம். 'இளைய நிலா'வின் (1982) கிட்டார் சந்திரசேகரன் விரல் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இசைத்தட்டு உறையில் வாத்தியக்காரர்களுக்கு இடம் கொடுக்கும் வழக்கம் இல்லை. அந்தக் கை கற்றதையும் கெடுத்ததையும் அவர்கள் சொல்லக் கேட்டு ஒரு நூல் வந்திருந்தால், மேலே சொன்ன ஐந்து புத்தகங்களையும் தள்ளிவைத்துவிட்டுப் படித்திருப்பேன். சாரும் எழுதவில்லை. விமான டிக்கெட் கையில் வந்த பிறகு அவரிடம் உட்கார்ந்து கேட்க யாருக்கும் பொழுதில்லை.

ஊட்டிக் கிட்டாரைக் கூடவே கொண்டுபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடா குளிரில் ஹீட்டர் போட்ட வீட்டில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஈரத்தில் வளர்ந்த மரம் அங்கே சுருங்கும். முதலில் ஃப்ரெட் நுனிகள் விரலைக் கீறும், அடுத்து மேல்பலகை தாழ்ந்து கம்பி கரகரக்கும், பிறகு பிரிட்ஜுக்குக் கீழே இழையோடு வெடிப்பு. சுவரில் மாட்டாதீர்கள். பெட்டிக்குள் வைத்து, துளையிட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்ச் போட்டு, 45 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்துங்கள். மாதக்கணக்கில் மூடி வைப்பதானால் ஒரு சுரம் மட்டும் தளர்த்துங்கள். முழுக்கத் தளர்த்தினால் ட்ரஸ் ராட் நெக்கைப் பின்னால் வளைக்கும்.

சங்கம் சார் பெயரில் சுழற்கோப்பை வைக்கப் போவதாகக் கேள்வி. கோப்பையை விடுங்கள். மியூசிக் ரூமில் உள்ள ஒவ்வொரு கிட்டாருக்கும் ஆண்டுக்கு நான்கு செட் கம்பி (முதல் கம்பி 0.011 அங்குலம்), அறைக்கு இரண்டு ஈரப்பதமானி, எலும்பு சேடில் பத்து, அலமாரிக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் (ஆரஞ்சு நிறம் வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, மறுபடி காயவைக்க மெஸ் பாத்திரத்தில் வறுக்க ஆகாது), ஒரு 440 ஃபோர்க். மழை பிடிப்பதற்கு முன், மே மாதக் கடைசிக்குள் போய்ச் சேர்கிற மாதிரி அனுப்பினால் நல்லது. யார் யார் எதை ஏற்கிறீர்கள் என்று பொருளாளரிடம் சொல்லிவிடுங்கள்.