மாமாவோடு ஒட்டிக்கொண்ட 'க்'

அக்டோபர் 14, செவ்வாய்

எங்கள் சாப்பாட்டுக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி இராமநாதபுரத்துக்காரர், மலேசியாவின் பினாங்கு வந்து ஆறு நாள்தான் ஆகிறது. இங்கே நம்ம தமிழ் முஸ்லிம்களையும் நம்ம சாப்பாட்டுக் கடைகளையும் மாமாக் என்பார்கள். சாப்பிட வந்த ஒருவர் போனில் "மாமாக்கில் இருக்கேன்" என்றதைக் கேட்டு முகம் கறுத்துவிட்டது. "நம்மள ஏண்ணே மாமாங்குறான்?" ஊரில் மாமா வேலை என்றால் என்ன வேலை என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். நம்ம உறவுமுறை மாமாதான் மலாய்க்காரர் வாயில் 'க்' சேர்ந்து மாமாக் ஆனது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், அதைத்தான் அவரிடமும் சொன்னேன். சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களும் தாய்மாமனை மாமாக் என்றுதான் அழைக்கிறார்கள். தம்பி தலையாட்டினார், முகம் மட்டும் தெளியவில்லை.

அக்டோபர் 18, சனி

இரவு ஒன்றரை. பெரிய திரையில் பந்து ஓடுகிறது, கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கொரு தே தாரிக்கை, அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரை, வைத்துக்கொண்டு மூன்று மணிநேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், சீனர், மலாய்க்காரர், நம்ம பிள்ளைகள் எல்லாம் ஒரே மேசையில். இவர்களுக்கு மாமாக் என்பது ஆளே இல்லை, இடம். 'லெப்பாக் மாமாக்' என்றால் கூடிப் பேசிக் கிடப்பது, அவ்வளவுதான். சீனப் பையன் ஒருவன் "அண்ணே, தே ஓ ஐஸ் சத்து!" (பால் இல்லாத ஐஸ் தேநீர் ஒன்று) என்று கூப்பிடும்போது அந்த அண்ணே எனக்குச் சுத்தமான அண்ணேயாகத்தான் கேட்கிறது. நாசி கண்டார் என்கிற குழம்புச் சோற்றில் நாசி என்பது சோறு, கண்டார் என்பது காவடிக்கம்பு. இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் தோளில் சுமந்து விற்றவர்களின் தொழில் இன்று விடிய விடிய விளக்கெரியும் கடையாகியிருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

மனசு சரியில்லை. வாசலில் காரை மறித்து நிறுத்திய ஒருவரிடம் அத்தா பணிவாகத்தான் சொன்னார், கொஞ்சம் தள்ளி விடுங்கள் என்று. அவர் கண்ணாடியை இறக்கி "டாசார் மாமாக்!" என்றுவிட்டுப் போனார். மாமாக் புத்தியைக் காட்டிவிட்டாய் என்கிற மாதிரி. நேற்று அந்தப் பிள்ளைகள் சொன்ன அதே சொல், ஓர் எழுத்துகூட மாறவில்லை. அரசியலிலும் இப்படித்தான், ஒருவரை 'நீ அசல் மலாய்க்காரன் இல்லை' என்று குத்த வேண்டுமானால் இதையே எடுக்கிறார்கள். அத்தா ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து தேநீர் ஆற்ற ஆரம்பித்தார், கை நடுங்கி நுரை மேசையில் சிந்தியது.

அக்டோபர் 21, செவ்வாய்

அஸர் தொழுகைக்குத் தம்பியோடு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் போனேன். 1801இல் எழுந்த பள்ளி. கிளிங் என்பது இந்தியர்களைக் குறிக்கும் பழைய மலாய்ச் சொல், கப்பித்தான் கிளிங் என்றால் அன்றைக்கு நம்மவர்களின் தலைவருக்குரிய பதவிப் பெயர். இன்று ஒரு தமிழரைப் பார்த்துக் கிளிங் என்றால் அடிதடிதான். பலகையில் இருக்கும்போது வலிக்காதது வாயிலிருந்து வரும்போது ஏன் வலிக்கிறது என்று தம்பி கேட்டார். பலகையில் பக்கத்தில் கப்பித்தான் நிற்கிறது என்றேன்.

திரும்பும் வழியில் அவர் அம்மாவோடு போனில் பேசினார். எங்கே வேலை என்று கேட்டிருப்பார்கள் போல. "ஓட்டல்லம்மா," என்றார்.