வேளூரில் மார்பளவில் கூப்பிய கை

எங்கள் குடும்பத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு வைத்தீசுவரன்கோயிலில்தான் முதல் முடி இறக்குவது வழக்கம். மகனின் இளைய பிள்ளைக்கு ஒரு வயது முடிவதற்குள் செய்திருக்க வேண்டியது, மூன்றாம் வயதுக்குத் தள்ளிப்போயிற்று. இடையில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாமியாருக்கு மறதி முற்றி, வீட்டில் ஒருவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டியதாயிற்று. எனக்கோ வலது தோள்பட்டை இறுகி, தலைவாருவதற்குக்கூடக் கை எழாமல் போயிற்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் மற்றவர்களைவிட அதிகமாக வரும் என்றும், சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்றும் எலும்பு மருத்துவர் சொன்னார். காவிரிக் கரைத் தலங்களைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்த தொடர் ஏன் பாதியில் நின்றது என்று கேட்ட அன்பர்களுக்கு இதுதான் பதில். முழுப் பதிலையும் சொல்வதென்றால், அதுவரை எழுதியதைப் புத்தகமாக்குவதாக வாங்கிச் சென்ற பதிப்பகம் ஓராண்டு வைத்திருந்துவிட்டு, இவ்வகை நூல்கள் இப்போது விற்பதில்லை என்று இரண்டு வரியில் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவணியில் நாள் பார்த்தோம். அங்காரகன் தலம் என்பதால் செவ்வாய்க்கிழமையே போகலாம் என்றான் மகன். பச்சைப் பிள்ளைக்குச் செவ்வாயில் கத்தி வைப்பதா என்று மாமியார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். பேரனின் பெயர் மறந்துபோகும் அவருக்கு இது மட்டும் மறக்கவில்லை. ஆகவே புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டு, திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகக் காரில் சென்றோம். வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வழி நெடுக மாமியார் "எந்த ஊருப்பா போறோம்?" என்று கேட்பதும், என் கணவர் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர்போல "நம்ம வைத்தியநாதரைப் பார்க்கத்தாம்மா" என்று சொல்வதுமாகவே பயணம் கழிந்தது.

ஊருக்குள் நுழைந்ததுமே நாடி ஜோதிடப் பலகைகள் வரிசைகட்டி நிற்கின்றன. கார் நிற்கும் முன்பே கட்டைவிரல் ரேகை கேட்டு ஒருவர் சன்னல் வரை வந்துவிட்டார். நம்புகிறவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் மருத்துவனாக இறைவன் வீற்றிருக்கும் ஊருக்கு உடம்பையும் மனத்தையும் சுமந்துகொண்டு வருகிறவரை முதலில் கோயிலுக்குள் போக விடலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

தேவாரத்தில் இத்தலத்தின் பெயர் புள்ளிருக்குவேளூர். சடாயுவாகிய புள்ளும், இருக்கு வேதமும், வேளாகிய முருகனும், ஊர் எனப்படும் சூரியனும் வழிபட்டதால் வந்த பெயர் என்று தலபுராணம் சொல்கிறது. காவிரி வடகரைத் தலங்களில் பதினாறாவது. சுவாமி மேற்கு நோக்கியிருக்கிறார். தையல்நாயகி தைலப் பாத்திரத்தோடு உடன் வந்து நின்றாள் என்பதும் இவ்வூர்க் கதையே. சுவாமி வைத்தியர், அம்பாள் மருந்து சுமந்து வருபவள் என்றால் குடும்பத்தோடு நடத்தும் வைத்தியசாலை போலத்தான் இருக்கிறது.

முடியிறக்கும் இடத்தில் பேரன் ஊரையே கூட்டிவிட்டான். தாய்மாமன் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, நாவிதர் சற்றும் பதறாமல், அழுது தலையைத் திருப்பும் திசையிலேயே கத்தியையும் திருப்பி, ஒரு கீறலும் இல்லாமல் வேலையை முடித்தார். மொட்டைத் தலையில் சந்தனம் குளிரக் குளிரத் தடவியபிறகுதான் அவன் விசும்பல் அடங்கியது. பிறகு சித்தாமிர்தக் குளத்துத் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு மிளகும் உப்பும் வாங்கினோம். உடம்பிலுள்ள பிணி உப்பைப்போலக் கரைய வேண்டும் என்ற வேண்டுதலோடு அதைச் செலுத்துவார்கள். பக்கத்திலேயே கண், கை, கால், வயிறு என உறுப்புகளைத் தகட்டில் அச்சடித்து விற்கிறார்கள். கை உருவம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். என் விரல் நீளம்கூட இராது. ஐந்து விரல்களும் ஒட்டியபடி, மணிக்கட்டோடு முடிந்திருந்தது. "அத்தே, உங்களுக்கு வலி தோள்ல இல்லையா? இதுல தோளே இல்லையே" என்றாள் மருமகள். கடைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே முழு ஆள் உருவத் தகடு ஒன்றை எடுத்து நீட்டினார். கணவருக்கும் மாமியாருக்கும் சேர்த்து முழு உருவமாகவே வாங்கி உண்டியலில் போட்டேன்.

சுவாமி சன்னிதியில் கூட்டம் அதிகமில்லை. தீபாராதனை காட்டும்போது எல்லோர் கையும் தலைக்கு மேலே உயர்ந்தது. என் இடக்கை எழுந்தது, வலக்கை மார்பளவில் நின்றுவிட்டது. ஒரு கையை மட்டும் தூக்கி நிற்பது பொருந்தாமல், இரண்டையும் மார்புக்கு நேரே கூப்பிக்கொண்டேன். சிறுவயது முதல் சிவன் கோயிலில் தலைக்குமேல் கைகூப்பியே பழகியவளுக்கு அது பாதி வணக்கமாகப் பட்டது. அப்போது சிவபுராணத்தின் வரிகள் நினைவுக்கு வந்தன: "கரங்குவிவார் உள்மகிழும் கோன்கழல்கள் வெல்க, சிரங்குவிவார் ஓங்குவிக்கும் சீரோன் கழல்வெல்க." தலைக்குமேல் குவிப்பவர்களை அவன் ஓங்கச் செய்கிறான், சரி. அதற்கு முந்திய வரியிலேயே, வெறுமனே கை குவிப்பவர்களுக்கும் உள்ளே மகிழ்கிறான் என்று மணிவாசகர் இடம் வைத்திருக்கிறார். நாள்தோறும் ஓதிய பாட்டு, தோள் இறுகிய பிறகுதான் அந்த வரிசை எனக்குக் கண்ணில் பட்டது.

அப்பர் இத்தலத்தின்மேல் பாடிய தாண்டகப் பதிகத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்வது "மந்திரமும் தந்திரமும் மருந்துமாகித் தீராநோய் தீர்த்தருள வல்லான்" என்ற இடத்தைத்தான். சூலை நோயால் துடித்தவர் பாடியது என்பதால் அதற்குத் தனி வலிமை உண்டு. மருந்தாகவும் அவனே நிற்கிறான் என்று அவரே சொல்லியிருக்க, இக்கோயிலில் மருந்தாகத் தரும் திருச்சாந்துருண்டையை வாங்கிக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுவது பக்தியில் சேருமா என்பது என் கேள்வி. மண்ணும் தீர்த்தமும் சடாயு குண்டத்து நீறும் கலந்து, ஐந்தெழுத்து ஓதி உருட்டி, அம்பாள் திருவடியில் வைத்துத் தரப்படும் அந்தச் சிற்றுருண்டையை நாங்களும் வாங்கிக்கொண்டோம். கணவரின் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் நினைவாகக் கொடுத்ததும் அதே கையால்தான்.

ஆனால் அந்தப் பதிகத்தில் என்னைத் தைத்தது பாட்டுக்குப் பாட்டு திரும்பிவரும் முடிவு: "போற்றாதே ஆற்றநாள் போக்கினேனே." அத்தனை பாடியவர், போற்றாமல் நாளைப் போக்கிவிட்டேன் என்கிறார். பதிப்பகம் திருப்பிய கட்டைப் பரணில் ஏற்றிவிட்டு மாதங்களை ஓட்டியவள் நான். கைவலி ஒரு பக்கம் உண்மை. எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்ற சோர்வு அதைவிடப் பெரிய உண்மை.

செல்வமுத்துக்குமாரசுவாமி சன்னிதியில்தான் நெடுநேரம் நின்றேன். ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்று போற்றப்படும் குமரகுருபரர், தருமபுரம் ஆதீனத்து மாசிலாமணி தேசிகரின் ஆணைப்படி சிதம்பரத்துக்குப் போகும் வழியில் இங்கே தங்கி, இந்த முருகன்மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் நடந்தது. இன்றும் இக்கோயில் தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. அர்த்தசாமத்தில் இந்த முருகனுக்குப் பூசை நடந்த பிறகே சுவாமிக்கு நடக்கும். வழியில் தங்கிய இடத்தில் ஒரு நூலே பாடிவிட்டுப் போனவரின் முன்னால், எழுத வரவில்லை என்று முறையிட எனக்கு நா எழவில்லை. வீட்டிலுள்ளவர்களின் உடம்பைப் பற்றி மட்டும் வேண்டிக்கொண்டேன். மாமியார் சக்கர நாற்காலியில் இருந்தபடி முருகனை உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம முத்தையால்ல?" என்றார். ஊர் மறந்தாலும் ஆளைத் தெரிந்திருக்கிறது என்று கணவர் என்னைப் பார்த்தார்.

திரும்பி வந்ததும் அலைபேசியில் சொல்லிச் சொல்லி எழுதத் தொடங்கினேன். புள்ளிருக்குவேளூர் என்று சொன்னால் அது "புள்ளி இருக்கு வேலூர்" என்று எழுதுகிறது. தாண்டகம் எதுவாக மாறியது என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. பெரிய பேத்தி பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து பிழைகளைத் திருத்தித் தருகிறாள். சந்தேகம் வந்தால் "பாட்டி, இது தேவாரமா, நீங்க சொன்னதா?" என்று கேட்கிறாள். சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சியில் வலக்கை இப்போது காதளவுக்கு வருகிறது. கணவரின் அடுத்த பரிசோதனை ஐப்பசியில். பதிப்பகம் வேறு எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் சீர்காழி, திருக்கோலக்கா இரண்டையும் எழுதி முடித்துவிட்டேன், குறுக்கைத் தலத்தைத் தொடங்கியிருக்கிறேன்.