இரண்டு நாளின் நீளம்

நோயியல் ஆய்வகத்தின் திசுப் பிரிவில் 14 ஆண்டுகளாகத் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறேன். "ரிப்போர்ட் எப்போது வரும்?" என்று கேட்டு வருபவர்களிடம் "இன்னும் இரண்டு நாள் ஆகும்" என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அந்த இரண்டு நாள் எவ்வளவு நீளமானது என்பது, என் கழுத்திலிருந்து எடுத்த நிணநீர்க் கணு, நான் தினமும் கையாளும் அதே வகைச் சிறு டப்பாவில் என் பெயர் ஒட்டப்பட்டு வந்தபோதுதான் தெரிந்தது.

திசு முதலில் 10 சதவீத ஃபார்மலினில் பல மணி நேரம் ஊற வேண்டும். பிறகு ஆல்கஹாலில் நீரை நீக்கி, சைலீனில் தெளியவைத்து, உருகிய பாரஃபின் மெழுகை உள்ளே ஏற்றுவதற்குள் ஓர் இரவு போய்விடும். மறுநாள் அந்த மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் சுமார் 4 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு தடிமனுக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கமில்லாமல் ஸ்லைடில் ஏந்தி, சாயமேற்றிய பிறகுதான் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்க முடியும். அவசரப்பட்டால் திசு சரியாகப் பதப்படாமல், சீவும்போதே பிய்ந்துவிடும்.

இத்தனையும் தெரிந்திருந்தது எனக்கு ஆறுதலாக இல்லை. நள்ளிரவில் விழிப்பு வந்தால், இப்போது ஆல்கஹாலில் இருக்கும், இப்போது மெழுகு ஏறிக்கொண்டிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது என்று உறுதியாகத் தோன்றும். பல் துலக்கும்போது தையல் போட்ட இடத்தில் விரல் பட்டதும் அந்த உறுதி கரைந்துவிடும்.

மருத்துவர் கூடுதலாக இம்யூனோ பரிசோதனை கேட்டிருக்கிறார் என்று மூன்றாம் நாள் சக ஊழியர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஸ்லைடுத் தட்டைப் பார்த்தார். சாதாரண வீக்கத்தையும் லிம்போமா என்னும் புற்றுநோயையும் வழக்கமான சாயத்தில் பிரித்தறிய முடியாதபோது கேட்கப்படுவதுதான் அது. புற்று இல்லை என்று உறுதிசெய்வதற்கும் அதே பரிசோதனைதான். எத்தனையோ பேருக்கு நானே இதை விளக்கியிருக்கிறேன். என் விஷயத்தில் மனம் ஒரு பக்கத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. அன்று மாலை வங்கிக் கணக்கில் நாமினி யார் என்று சரிபார்த்தேன், மறுநாள் அதற்காக என்னையே கடிந்துகொண்டேன்.

ஒன்பதாம் நாள், தீங்கற்ற வீக்கம் என்று முடிவு வந்தது. மகிழ்ச்சி உடனே வரவில்லை. வெகுநேரம் களைப்புதான் இருந்தது. அதே வாரத்தில் நான் சீவிய ஸ்லைடுகளில் சிலவற்றுக்கு அப்படிப்பட்ட முடிவு வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது கேட்க வருபவர்களிடம் நாள் கணக்கை மட்டும் சொல்வதில்லை. முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் திசு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஏன் தாமதமாகிறது, எப்போது வந்தால் வீண் அலைச்சல் இராது என்பதை நான் சொல்லலாம். சென்ற மாதம் மனைவியின் ரிப்போர்ட்டுக்காக மூன்று நாள் தொடர்ந்து வந்து வாசலருகிலேயே நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், முடிவைப் பற்றி எதுவும் கேட்காமல், "அது பத்திரமா இருக்காம்மா?" என்றார். "பத்திரமா இருக்குங்க ஐயா, இன்னைக்குக் காலையிலதான் மெழுகுல பதிச்சேன்" என்றேன். தலையசைத்துவிட்டு, அன்றுதான் முதன்முறையாக அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.