மொட்டை மாடியும் கணக்கில் சேரும்

எங்கள் குடும்பத்தில் வீட்டைவிட்டு ஓடிப்போனவர்கள் மொத்தம் நான்கு பேர். என்னையும் சேர்த்தால் ஐந்து. சேர்க்கத்தான் மறுக்கிறார்கள்.

போன பொங்கலுக்கு மதுரையில் எல்லோரும் கூடியபோது, பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே இந்தக் கதைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடலாம் என்று நானேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எண்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கினேன். ஓடியவர் சொல்லும் கதையும், வீட்டில் இருந்தவர்கள் சொல்லும் கதையும் பங்காளிகளைப் போல ஒன்றை ஒன்று பார்க்காமல் திரும்பிக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் மரியாதை பெரியப்பாவுக்கு. 1967-இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டார். தாத்தா தமிழாசிரியர், ரமண பக்தர். ரமணர் மதுரையைவிட்டுப் போன கதையைக் கார்த்திகை தோறும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்வார். 1896 ஆகஸ்டு மாதம்; அப்போது வேங்கடராமனாக இருந்த ரமணருக்கு வயது பதினாறு. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காக எடுத்துப்போகச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று கடிதம் எழுதி, மீதி இரண்டு ரூபாயை அதோடு வைத்துவிட்டுப் போனார். கையில் கிடைத்த பழைய வரைபடத்தில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதையே இல்லை. அதனால் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினார். பண விஷயத்தில் நேர்மை வேண்டும் என்பதற்காகத் தாத்தா இதைச் சொல்லிவந்தார். பெரியப்பா இதிலிருந்து எடுத்துக்கொண்டது, கடிதம் எழுதி வைத்துவிட்டு ரயில் ஏறலாம் என்ற ஒன்றைத்தான்.

அந்தக் கடிதம் இன்றும் பாட்டியின் தகரப் பெட்டியில் இருக்கிறது. பூகோள நோட்டில் கிழித்த தாள், நான்கே வரி. யாரும் தேடி செல்ல வேண்டாம், வீண் செலவு செய்ய வேண்டாம், தம்பி தங்கைகளை பார்த்து கொள்ளவும், இப்படிக்கு. 'தேடி'க்கும் 'செல்ல'வுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு 'ச்' செருகப்பட்டிருக்கிறது. 'தங்கைகளை'க்குப் பின்னால் ஒரு 'ப்', 'பார்த்து'க்குப் பின்னால் ஒரு 'க்'. மூலையில் வட்டம் போட்டு, பத்துக்கு மூன்று. மூத்த மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்று தெரிந்ததும் தாத்தா முதலில் செய்த காரியம் இதுதான். அப்புறம்தான் கடுகு டப்பாவைத் திறந்து பார்த்தாராம். ஐந்து ரூபாயும் போயிருந்தது. "அவர் இரண்டு ரூபாயை வைத்துவிட்டுப் போனார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பெரியப்பா போக நினைத்தது சென்னைக்கு, சினிமாவில் சேர. போனது சோழவந்தானுக்கு. மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். ஸ்டேஷனில் பாசஞ்சர் நின்றபோது பசித்ததாம். பசித்ததும் அங்கே வாக்கப்பட்டிருந்த அவருடைய அத்தை நினைவுக்கு வந்தாளாம். அத்தை ஒரு கேள்வி கேட்கவில்லை. மொச்சைக் குழம்பும் சோறும் போட்டு, தூங்கவைத்து, மாலையில் எழுப்பி, "வந்ததுதான் வந்தாய், இதை அப்பாவிடம் கொடுத்துவிடு" என்று இரண்டு கவுளி வெற்றிலையைக் கையில் திணித்துப் பஸ் ஏற்றிவிட்டாள். சோழவந்தான் கொடிக்கால் வெற்றிலை என்றால் தாத்தாவுக்கு உயிர். துறவியாகவோ நடிகனாகவோ திரும்ப வேண்டியவர் வெற்றிலைக் கட்டோடு வாசலில் நின்றார். தாத்தா ஒன்றைக் கிள்ளி நரம்பு உரித்துச் சுண்ணாம்பு தடவி மென்றபடியே கடிதத்தை நீட்டி, பிழையில்லாமல் பத்து முறை எழுதச் சொன்னார்.

பெரியப்பா இன்றைக்கும் தான் திண்டுக்கல் வரை போனதாகத்தான் சொல்கிறார். நோட்டில் 'சோழவந்தான்' என்று எழுதியதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் அத்தை, பெரியப்பாவின் தங்கை, ஓடியது 1970-இல், பத்து வயதில். தீபாவளிக்குத் தங்கைக்குப் பட்டுப்பாவாடை, இவளுக்குச் சீட்டிப்பாவாடை. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவள் வரிசையில் நிற்கும்போதே முடிவெடுத்து, குடத்தோடு அப்படியே மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்துகொள்வது, பிரசாதம் சாப்பிடுவது, இரவானால் மண்டபத்தில் படுத்துக்கொள்வது என்று திட்டம் கச்சிதமாகத்தான் இருந்தது. நண்பகலில் நடை சாத்தி எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள் என்பதுதான் திட்டத்தில் இல்லை. காவல்காரர், "ஏன் பாப்பா, குடத்தோடு வந்திருக்கிறாய், அபிஷேகமா?" என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. திரும்பும் வழியில் குழாயில் கூட்டமில்லை என்று கண்டு, குடத்தை நிரப்பிக்கொண்டே வந்தாள். பாட்டி வாசலில் நின்று தன்னைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது அத்தையின் நம்பிக்கை. "பித்தளைக் குடம் அது. என் அம்மா கொடுத்தது. தேட மாட்டேனா?" என்கிறாள் பாட்டி. தொண்ணூறு தாண்டியும் இதில் மட்டும் பிசகில்லை.

சித்தப்பாவின் கதையில்தான் பணம் செலவானது. 1981-இல் சைக்கிள் வாங்கித் தரவில்லை என்று தேனியில் நண்பன் வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டார். இரண்டாம் நாள் பாட்டியின் தொல்லை தாங்காமல் தாத்தா ஒரு நாளிதழில் 'காணவில்லை' விளம்பரம் கொடுத்தார். கட்டணம் வரிக்கு இவ்வளவு என்று கணக்கு. இலக்கணம் படித்தவர் சும்மா இருப்பாரா? சொற்சிக்கனம் பார்த்துப் பார்த்து, 'அன்பு மகனே' போயிற்று, 'நீ கேட்டதை வாங்கித் தருகிறோம்' போயிற்று. கடைசியில் மிஞ்சியது: மாநிறம், ஒல்லி, நீலச் சட்டை, தாய் படுக்கையில், தகவலுக்குச் சன்மானம். தாய் அன்றைக்கு அரிசி ஊறவைத்து ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

விளம்பரம் வெளிவந்த அன்று காலை சித்தப்பா தானாகவே மதுரையில் வந்து இறங்கியிருந்தார். டீக்கடையில் பேப்பரைப் புரட்டினால் தன் படம். அதுவும் ஒன்பதாம் வகுப்பில் மொட்டை போட்டபோது எடுத்தது. பழைய படம்தான் இருந்தது என்கிறார்கள். சிக்கனத்துக்காக எங்கேயோ வெட்டி எடுத்தார்கள் என்பது சித்தப்பாவின் சந்தேகம். கோபத்தில் மறுபடியும் தேனிக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவரை, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து, கையைப் பிடித்துச் சைக்கிள் கேரியரில் ஏற்றி, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சன்மானமாகத் தாத்தா அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தார். அவர் அதை ஆற்றாமலேயே குடித்துவிட்டு, வெகு நாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான்காவது ஆள் தாத்தாவேதான். 1987-இல், அறுபது தாண்டிய பிறகு, ரசத்தில் உப்பில்லை என்று தொடங்கிய சண்டையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பழனிக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறவன் போகவேண்டிய இடம் பழனிதான் என்று அதற்கும் ஒரு மரபு வைத்திருந்தார். மாம்பழத்துக்காகப் போன முருகனைச் சமாதானப்படுத்த அம்மையும் அப்பனும் மலைக்கே வந்தார்கள். பாட்டி போகவில்லை. மறுநாள் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்தவருக்கு அதே ரசத்தைச் சுடவைத்து ஊற்றினாள். உப்புப் போட்டு.

இப்போது என் வழக்கு. 1989 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளோடு வீட்டில் பதின்மூன்று உருப்படிகள். நான் செய்யாத ஒரு குற்றத்துக்காக (உடைந்தது ஊறுகாய் ஜாடி, உடைத்தது யாரென்று இப்போதும் சொல்ல மாட்டேன், அவன் இன்று பெரிய பதவியில் இருக்கிறான்) அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பையில் டார்ச் விளக்கு, ஜாமெட்ரி பாக்ஸ், பாதி பன் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சுவரைத் தாண்டினேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்பது மணிக்குக் கீழே டிவியில் மகாபாரதம் தொடங்கியது. சங்கு ஊதுவது மட்டும் கேட்டது. தெருவில் ஈ காக்கை இல்லை. ஓடிப்போவதற்கு அதைவிடத் தோதான நேரமும், ஓடிப்போனது யாருக்கும் தெரியாமல் போவதற்கு அதைவிடத் தோதான நேரமும் கிடையாது. பத்து மணிக்குப் பன் தீர்ந்தது. பகலெல்லாம் தொட்டியின் நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். யாரும் கூப்பிடாததால் அந்த உறுதியைச் சோதிக்க வாய்ப்பே வரவில்லை.

ஆறு மணிக்கு இறங்கி வந்தேன். முகம் கருகியிருந்தது. அம்மா ஏறிட்டுப் பார்த்து, "சும்மாதானே நிற்கிறாய், கொத்தமல்லி வாங்கி வா" என்றாள். மத்தியானம் இலை எண்ணிப் பார்க்கவில்லையா என்று பிற்பாடு கேட்டேன். எண்ணினார்களாம், பதின்மூன்று சரியாக இருந்ததாம். என் இலையில் எதிர்வீட்டுப் பையன் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அப்பளம் இரண்டு.

இதையும் சேர்த்து எழுதி, பார்த்துத் தரும்படி நோட்டைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே சிவப்பு மை. சோழவந்தானை அடித்துத் திண்டுக்கல் ஆக்கியிருந்தார். நான் விட்டிருந்த ஒற்றுகளையெல்லாம் ஒன்று விடாமல் போட்டிருந்தார். என் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் எழுதியிருந்தார்: "இது ஓட்டம் அல்ல. மாடிக்குப் போனது."