தனுஷ்கோடியின் உச்சி வெயிலில்

தனுஷ்கோடி என்று தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை ஒரே படம்தான். கூரை போன தேவாலயம், அதன் வளைவுக்குள் கொஞ்சம் வானம், சாயங்கால மஞ்சள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊருக்கு 2017-இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. முன்பு மணலில் வேன் பிடித்துப் போனவர்களும் சரி, இப்போது காரில் போய் இறங்குபவர்களும் சரி, அதே இடத்தில் நின்று அதையே எடுக்கிறார்கள். படம் அழகுதான். யார் எடுத்தது என்பதற்குத்தான் அதில் ஒரு தடயமும் கிடையாது. என் பார்வை என்று எனக்கு ஒன்று உண்டா என்று பார்க்கத்தான் நான் போனேன். 35 எம்எம் லென்ஸ் ஒன்று மட்டும் கையில். ஜூம் லென்ஸை ராமேஸ்வரம் அறையிலேயே வைத்துவிட்டேன்.

வெயில் ஏறுவதற்குள் எடுத்து முடித்துவிடு என்பார்கள். உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும், முகம் கெட்டுவிடும். பொதுவாக உண்மைதான். ஆனால் இங்கே அது செல்லுபடியாகவில்லை. மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு அக்காவைப் பார்த்தபோதுதான் அது பிடிபட்டது. சுற்றிலும் உப்புக் கடல், இரண்டு முழ ஆழத்தில் நல்ல தண்ணீர்.

"எடுக்கலாமாக்கா?"

"குடம் நிறையிற வரைக்கும் எடுத்துக்க."

தலைக்கு நேர்மேலே சூரியன். குனிந்த முகம் இருட்டாக இருந்திருக்க வேண்டும். வெளுத்த மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அடித்ததில் தாடையின் அடிப்பக்கம், கண்ணிமை, மூக்குத்தி எல்லாம் துலங்கின. ஏமாறுவது கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர்தான். அத்தனை வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டினேன், சரியாக வந்தது. இந்த ஊரில் வேலை நடப்பதே வெயிலில்தான். அந்த வெயிலைத் தவிர்த்துவிட்டு எடுத்தால் ஊரே படத்தில் இருக்காது.

புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜெய்ப்பூர்க்காரர், 1942-இல் பிறந்தவர். 1966-இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்டியே-பிரெஸ்ஸோன் ஜெய்ப்பூரில் படமெடுப்பதை அருகிலிருந்து பார்த்தவர். சின்னக் கேமராவோடு தெருவில் இறங்கி நடக்கும் வேகத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார், கறுப்பு வெள்ளையை எடுத்துக்கொள்ளவில்லை. வண்ணம் கலையாகாது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் கடைசிவரை வண்ணத்திலேயே நின்றார். யாரிடமிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் ஒருவருடைய பாணி தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காசு கொடுத்து வாங்கும் பிரிசெட்டில், படத்தின் நிறத்தை மாற்றும் ஆயத்த அமைப்பில், அது வராது.

மன்னார் வளைகுடாப் பக்கத்தை அங்கே ஆண்கடல் என்கிறார்கள், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்கிறார்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகு கடலில் வலையை அரைவட்டமாக விட்டுவந்திருக்கும். இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் பின்னால் நடந்தபடி இழுக்கும். கடைசி ஆள் கயிற்றை விட்டு முன்னால் போய் அலையோரத்தில் மறுபடி பிடிப்பார். நான் பக்கவாட்டில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் திரும்பி, "தம்பி, எடுத்தது போதும், வந்து ஒரு கை புடி" என்றார்.

பிடித்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. முன்னால் இருப்பவரின் முதுகு, தோள்பட்டையில் காய்ந்த உப்பு, அதற்கும் முன்னால் நீருக்குள் இறங்கிப் போகும் கயிறு. வெளியே நின்றபோது இது எதுவும் தெரியவில்லை. மூச்சு வாங்க விலகிய இடைவெளியில் கேமராவை நெஞ்சுயரத்தில் பிடித்து, வரிசைக்குள் இருந்தபடியே எடுத்தேன். நான் இதுவரை எடுத்ததில் என்னுடையது என்று கூசாமல் சொல்லக்கூடியவை அந்தப் படங்கள்தான். இனி எங்கே போனாலும் முதலில் வேலையில் கை வைப்பது, பிறகுதான் கேமரா என்று முடிவு செய்திருக்கிறேன்.

மீன் சேரும் பையான வலையின் மடி கரையேறியது. பெரும்பாலும் சின்ன மீன்கள். பெரியவரிடம் திரையைக் காட்டினேன். முதுகையும் கயிற்றையும் உற்றுப் பார்த்தவர், "என் மொகம் எங்க தம்பி?" என்று கேட்டார். குடிசைக்குப் போய்ச் சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவி வந்து, ஓலைத் தட்டியின் முன்னால் நிமிர்ந்து நின்றார். அவர் கேட்டபடியே நேராக எடுத்தேன். அதையும் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறேன், அடுத்த தடவை கையில் கொடுக்க.